விளம்பரத்தில் 280 சதுர மீட்டர், உள்ளே எத்தனை? டர்பனில் வீடு வாங்குவோரின் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வீடு தேடும் நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டமும் கணக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை. இந்தியாவில் கார்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா என்று பழகியவர்கள் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஃப்ளோர் சைஸை நம்பலாமா?

தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து விலை பேசக் கூடாது.

பிராப்பர்ட்டி24 மாதிரி தளங்களில் இரண்டு எண்கள் இருக்கும்: எர்ஃப் சைஸ், ஃப்ளோர் சைஸ். முதலாவது மனையின் பரப்பு. டைட்டில் டீடிலிருந்து, அதாவது சொத்துப் பத்திரத்திலிருந்து எடுப்பதால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டாவது கட்டடத்தின் பரப்பு. அது எங்கிருந்து வந்தது என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். "ஓனர் சொன்னார்", "முந்தைய விளம்பரத்தில் இருந்தது", "வேல்யூவேஷனில் பார்த்தேன்" என்று ஏதாவது ஒன்று வரும். "பாஸ் ஆன பிளானில் இருக்கிறது" என்று சொல்பவர் குறைவு. அப்படிச் சொல்பவரிடம் அந்தப் பிளானைக் கேளுங்கள்.

டைட்டில் டீடிலேயே வீட்டின் பரப்பு இருக்குமே?

இருக்காது. தனி வீடாக இருந்தால் டீடில் நிலத்தின் பரப்பு மட்டும்தான் வரும். அந்த நிலத்தில் மூன்று மாடி மாளிகை நின்றாலும் தகரக் கொட்டகை நின்றாலும் டீட் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. சர்வேயர் ஜெனரல் (அரசின் நில அளவை அலுவலகம்) வரைபடமும் அப்படித்தான்: எல்லை, கோணம், நீளம், பரப்பு, சில சமயம் சர்விட்யூட் (உங்கள் நிலத்தின்மேல் பிறருக்கு உள்ள உரிமை). கட்டடத்தின் அளவு இருக்கும் அரசாங்கக் காகிதம் முனிசிபாலிட்டியில் பாஸ் ஆன கட்டடப் பிளான் ஒன்றுதான்.

பிளாட், டவுன்ஹவுஸ் போன்ற செக்ஷனல் டைட்டில் சொத்துகளுக்கு நிலைமை வேறு. அது கீழே வருகிறது.

ஒரே வீட்டுக்கு மூன்று பேர் மூன்று எண் சொல்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லாமலே இது நடக்கும். வெளிப்பக்கம் 10 மீட்டருக்கு 12 மீட்டர் இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் 230 மில்லிமீட்டர்.

வெளிச்சுவரின் வெளிமுகம் வரை அளந்தால் 120 சதுர மீட்டர். சுவரின் நடுக்கோடு வரை அளந்தால் 115. உள்முகம் வரை அளந்தால் 110. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களையும் கழித்தால் 106, 107 என்று நிற்கும். கட்டில் போடவும் சோபா போடவும் கிடைக்கும் இடம் அந்தக் கடைசி எண்தான்.

இன்னொரு வழியும் உண்டு. வான்படத்தைத் திறந்து கூரையை மவுஸால் சுற்றி அளப்பது. கூரை நாலு பக்கமும் 60 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருந்தால் அதே வீடு 148 சதுர மீட்டர் ஆகிவிடும். கால் பங்கு வீடு கூரை ஓரத்தில் தொங்குகிறது!

ஆகவே "எத்தனை சதுர மீட்டர்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "எங்கிருந்து எங்கே வரை அளந்தது, எதையெல்லாம் சேர்த்தது?" என்றும் கேளுங்கள்.

'அண்டர் ரூஃப்' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

கூரைக்குக் கீழே உள்ளதெல்லாம் சேர்த்தது என்று அர்த்தம். கராஜ், வெராண்டா, பிராய் போடும் இடம், அவுட்பில்டிங் (வீட்டை விட்டுத் தனியாக நிற்கும் அறைகள்), சில சமயம் கார்போர்ட்டும்கூட. பெரும்பாலும் விளம்பரத்தில் பெருத்துத் தெரியும் எண் இதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீடு, 280 சதுர மீட்டர் அண்டர் ரூஃப், விலை 22,40,000 ராண்ட். சதுர மீட்டருக்கு 8,000 என்று மலிவாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் குடியிருக்கும் பகுதி 152, டபுள் கராஜ் 36, வெராண்டா 30, அவுட்பில்டிங் 42, கார்போர்ட் 20. பக்கத்துத் தெருவில் இன்னொன்று, 190 சதுர மீட்டர், 23,10,000 ராண்ட். சதுர மீட்டருக்கு 12,000க்கு மேல் வருகிறதே என்று தள்ளிவிடுவோம். ஆனால் அதில் குடியிருக்கும் பகுதி 165. அந்தக் கணக்கில் இரண்டாவது வீடு 14,000, முதல் வீடு 14,700. மலிவு எது?

அதற்காக அவுட்பில்டிங்கை பூஜ்யம் என்று வைக்கவும் கூடாது. டர்பனில் அது வாடகை தரும், இல்லையென்றால் வயதான அப்பா அம்மாவுக்கு கிரானி ஃபிளாட் ஆகும். என் பழக்கம், குடியிருக்கும் பகுதிக்கு முழு மதிப்பு, கராஜுக்கும் அவுட்பில்டிங்குக்கும் பாதி, கார்போர்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று போடுவது. இது விதி இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி.

பிளாட் வாங்கும்போது இந்தத் தலைவலி இருக்காதா?

குறைவு. 1986ஆம் ஆண்டின் செக்ஷனல் டைட்டில்ஸ் சட்டப்படி ஒவ்வொரு யூனிட்டுக்கும் செக்ஷனல் பிளான் உண்டு. அதைச் சர்வேயர் ஜெனரல் அங்கீகரித்திருப்பார், பரப்பும் எழுதியிருக்கும். குவாசூலு-நட்டாலுக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது, டீட்ஸ் ஆபீஸும் அங்கேதான். நகல் யாரும் வாங்கலாம். தனி வீட்டுக்கு இப்படி ஒரு வசதி இல்லை.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

செக்ஷனல் பிளானில் எல்லை என்பது சுவரின் நடுக்கோடு. அதாவது பாதிச் சுவர் உங்கள் கணக்கில் இருக்கும். சின்ன பிளாட்டில் இது உறைக்கும்.

பால்கனியும் கராஜும் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கராஜ் உங்கள் செக்ஷனின் (பிளானில் உங்கள் பெயரில் உள்ள யூனிட்டின்) ஒரு பகுதியாக இருக்கலாம். தனி செக்ஷனாக இருக்கலாம். பொதுச் சொத்தாக இருந்து, எக்ஸ்க்ளூசிவ் யூஸ் என்ற பெயரில் நீங்கள் மட்டும் பயன்படுத்தும் இடமாகவும் இருக்கலாம். உம்ஷ்லாங்காவில் '120 சதுர மீட்டர்' என்று வரும் பிளாட்டில் பால்கனி 16, கராஜ் 18 என்று போய்விட்டால் வீடு 86தான். கார்டன் பிளாட்டின் தோட்டமும் இப்படியே. அது பெரும்பாலும் உங்களுக்குச் சொந்தம் இல்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான்.

மூன்றாவது, மூடப்பட்ட பால்கனி. யாரோ அலுமினியம் ஜன்னல் போட்டு பால்கனியை ரூமாக்கியிருப்பார்கள், விளம்பரத்தில் அது 'ஸ்டடி' ஆகியிருக்கும். யூனிட்டின் எல்லையைப் பொதுச் சொத்துக்குள் நீட்டினால் பாடி கார்ப்பரேட்டின் (எல்லா யூனிட் உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பின்) சிறப்புத் தீர்மானம் வேண்டும், திருத்திய செக்ஷனல் பிளானும் பதிவாக வேண்டும். அது நடந்திருக்கிறதா என்று அந்த அமைப்பை நடத்தும் டிரஸ்டிகளிடம் எழுத்தில் கேளுங்கள்.

பரப்புக்கும் மாதப் பராமரிப்புக் கட்டணமான லெவிக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக உண்டு. குடியிருப்புத் திட்டங்களில் உங்கள் செக்ஷனின் பரப்பை எல்லா செக்ஷன்களின் மொத்தப் பரப்பால் வகுத்து வருவது பார்ட்டிசிபேஷன் கோட்டா. வழக்கமாக லெவி அதை வைத்தே பிரியும். 75 சதுர மீட்டர் யூனிட், மொத்தம் 3,000 என்றால் உங்கள் பங்கு 2.5 சதவீதம். மாதச் செலவு 90,000 ராண்ட் என்றால் உங்களுக்கு 2,250.

இதில் ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு யூனிட்டுகள், விளம்பரத்தில் ஒன்று 95, இன்னொன்று 75. லெவி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. அப்படியானால் அந்த 95ஐ யாரோ ஊதியிருக்கிறார்கள், இல்லையென்றால் எக்ஸ்க்ளூசிவ் யூஸ் இடத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னும் கட்டாத வீட்டைப் பிளானைப் பார்த்து வாங்குகிறோம். அங்கே?

ஒப்பந்தத்தில் 'டீவியேஷன்' என்ற பத்தியைத் தேடுங்கள். கட்டி முடித்தபின் பரப்பு இத்தனை சதவீதம் வரை கூடலாம் குறையலாம், விலை மாறாது என்று இருக்கும். 5 சதவீதம் என்பது சகஜம். 80 சதுர மீட்டரில் அது 4 சதுர மீட்டர், ஒரு பாத்ரூம் அளவு. 10 சதவீதம் என்று இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிரோஷரில் வரும் எண்ணை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதில் பால்கனி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாட்ஸ்வர்த்தில் பழைய கவுன்சில் வீடு, பின்னால் நிறைய இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பரப்பு சரிதான், அளந்து பார்த்துவிட்டோம். பிறகென்ன கவலை?

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பரப்பு பத்து சதுர மீட்டர் கூடக் குறைய இருப்பதால் பெரிய நஷ்டம் வராது. அந்தப் பரப்பில் எவ்வளவு பாஸ் ஆனது என்பதில்தான் பணம் போகும்.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் குடும்பங்களைப் பிடுங்கி நட்ட காலத்தில், 1960களில், சாட்ஸ்வர்த் எழுந்தது. 1970களில் ஃபீனிக்ஸ். கவுன்சில் கொடுத்தது சின்ன வீடு. பிள்ளைகள் பெருக, கல்யாணம் ஆக, பின்னால் ஒரு ரூம், மேலே ஒரு மாடி, பக்கத்தில் ஒரு சமையலறை என்று குடும்பம் வளர்ந்த மாதிரியே வீடும் வளர்ந்தது. நியாயமான தேவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1977ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிமுறைச் சட்டத்தின் நான்காம் பிரிவுப்படி முனிசிபாலிட்டியின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டுவது குற்றம். பல வீடுகளில் முதலில் கட்டியதற்குப் பிளான் இருக்கும், இழுத்துக் கட்டியதற்கு இருக்காது.

அதனால் என்ன ஆகும்? பேங்க் பிளான் கேட்டு பாண்டை (வீட்டுக் கடனை) நிறுத்தி வைக்கலாம். தீ, வெள்ளம் என்று கிளெய்ம் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பகுதிக்குக் கை விரிக்கலாம். நீங்கள் விற்கப் போகும்போது அடுத்தவர் உங்களிடம் பிளான் கேட்பார். கடைசி நிலை இடிப்பு. கிழக்குக் கேப்பில் அனுமதி இல்லாமல் எழுந்த ஒரு பெரிய கடற்கரை வீட்டை இடிக்கச் சொன்ன உத்தரவை, 2013ல் ந்த்லாம்பே முனிசிபாலிட்டி வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே உறுதி செய்தது. எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் நடக்கவே நடக்காது என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

வழி இருக்கிறது. இருக்கிற கட்டடத்தை அளந்து 'ஆஸ்-பில்ட்' பிளான் வரைந்து இதெக்வினியில் (டர்பன் முனிசிபாலிட்டியில்) போடலாம். எல்லைக் கோட்டை ஒட்டிக் கட்டியிருந்தால் பில்டிங் லைன் (எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம்) தளர்வு கேட்க வேண்டும், பக்கத்து வீட்டார் சம்மதம் தேவைப்படலாம், மாடிக்கு இன்ஜினியர் சான்று கேட்பார்கள். காசும் மாதங்களும் ஆகும். அந்தச் செலவு யாருடையது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். பிளான் பாஸ் ஆகும் வரை விலையில் ஒரு பகுதியைக் கன்வேயன்ஸரின் (சொத்தைப் பெயர் மாற்றும் வக்கீலின்) டிரஸ்ட் அக்கவுன்ட்டில் நிறுத்தி வைப்பது நல்ல ஏற்பாடு.

அப்புறம் ஒன்று. பாஸ் ஆன பிளானிலேயே கராஜ் என்று இருக்கும் இடத்தில் இப்போது யாராவது குடியிருந்தால் அதுவும் அனுமதி இல்லாத மாற்றமே. குடியிருக்கும் அறை குறைந்தது 6 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது, பொதுவாக 2.4 மீட்டர் உயரம் வேண்டும். பல கராஜ் ரூம்கள் உயரத்தில் தோற்றுவிடும்.

பிளானை எப்படி வாங்குவது?

முதலில் விற்பவரிடம் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் முனிசிபாலிட்டியின் பிளான் பதிவுப் பிரிவில் நகல் எடுக்கலாம். பெரும்பாலும் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட விற்பவர் இழுத்தடித்தால் காரணம் உங்களுக்கே புரியும். முத்திரை இருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். முத்திரை இல்லாத பிளான் வெறும் படம்.

வாங்கிய பிறகு 40 சதுர மீட்டர் குறைகிறது என்று தெரிந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். கிடைப்பது கஷ்டம்.

முதல் தடை 'ஃபுட்ஸ்டூட்ஸ்' பத்தி. இருக்கிறபடியே வாங்குகிறேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இரண்டாவது தடை, பல ஒப்பந்தங்களில் வரும் இன்னொரு வரி: மறு அளவையில் பரப்பு குறைந்தால் விற்பவர் பொறுப்பில்லை, கூடினால் அவருக்கு லாபமும் இல்லை. இது முக்கியமாக நிலத்தைப் பற்றியது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையும் தூக்கிப் பிடிப்பார். மூன்றாவது, எழுத்தில் இல்லாத எந்த உறுதியும் செல்லாது என்ற பத்தி.

அனுமதி இல்லாத கட்டடத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம் இருந்தது. பிளான் இல்லாமை என்பது ஃபுட்ஸ்டூட்ஸுக்குள் வருமா வராதா என்று நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 2008ல் ஓடெண்டால் எதிர் ஃபெராரிஸ் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரும் என்று தீர்த்துவிட்டது. விற்பவருக்கு விஷயம் தெரிந்திருந்து, உங்களை ஏமாற்றவே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் அவருக்கு அந்தப் பாதுகாப்பு போகும். அதைக் காட்டுவது வாங்கியவரின் சுமை.

டெவலப்பரிடம் வாங்கியிருந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2011 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தும், ஏனென்றால் வீடு விற்பது அவருடைய தொழில். சொந்த வீட்டை ஒரு தடவை விற்கும் தனிமனிதருக்குப் பொருந்தாது.

ஏஜென்ட் தவறான எண்ணைப் போட்டிருந்தால் பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் ரெகுலேட்டரி அத்தாரிட்டியில் புகார் கொடுக்கலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். வீடு விற்றதும் விளம்பரம் காணாமல் போகும். வழக்குக்குப் பொதுவாக விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம். வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியானால் கையெழுத்துக்கு முன் என்ன எழுத வேண்டும்?

நில விற்பனை எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று 1981ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சு வேண்டாம், நிபந்தனையும் அந்தக் காகிதத்துக்குள்ளேயே வரட்டும். கருத்து இப்படி இருந்தால் போதும், வார்த்தைகளை உங்கள் வக்கீல் போடட்டும்: "இன்றைய நிலையில் உள்ள எல்லாக் கட்டடங்களுக்கும் பாஸ் ஆன பிளானை விற்பவர் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், அல்லது பிளானும் கட்டடமும் ஒத்துப்போகாவிட்டால், வாங்குபவர் விலகலாம், டெபாசிட் முழுதும் திரும்ப வரும்."

கன்வேயன்ஸரை வழக்கமாக விற்பவர்தான் நியமிப்பார், காசு நீங்கள் கொடுத்தாலும். பிளானைச் சரிபார்ப்பதும் அவர் வேலை இல்லை. ஆகவே இதை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க வேண்டாம்.

நானே அளந்து பார்க்க முடியுமா?

தாராளமாக. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் லேசர் மீட்டர், ஒரு தாள், ஒரு மணி நேரம். ஒவ்வொரு அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து பெருக்குங்கள். அலமாரிக்குள்ளேயும், பாசேஜையும், சாமி ரூமையும் விட வேண்டாம். கூட்டி வருவதில் 10 முதல் 12 சதவீதம் சேர்த்தால் வெளிமுகக் கணக்குக்குப் பக்கத்தில் வரும். கராஜும் வெராண்டாவும் தனித் தாளில். இரண்டு மாடி வீடென்றால் படிக்கட்டுக்கு மேலே உள்ள வெற்றிடத்தை மாடியில் மறுபடி எண்ண வேண்டாம். ஏஜென்ட் முறைத்தால் முறைக்கட்டும்.

மனைப் பரப்பாவது நம்பலாமா?

எண்ணை நம்பலாம், பயனை நம்ப முடியாது. சர்வே கணக்கு தட்டையாக, மேலிருந்து பார்த்த மாதிரி எடுப்பது. டர்பன் முழுக்க மேடும் பள்ளமும். 900 சதுர மீட்டரில் பாதி சரிவாக இருந்தால் கல்யாணத்துக்குப் பந்தல் போடவும் இடம் இருக்காது. முனிசிபாலிட்டியின் கழிவுக் குழாய் குறுக்கே போனால் அதன்மேல் கட்டவும் முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சரிவையும் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரையும் பார்க்காமல் யாரும் இங்கே வாங்கக் கூடாது. வேலிச் சுவர் எல்லையில்தான் நிற்கிறதா என்ற சந்தேகம் வந்தால் லேண்ட் சர்வேயரைக் கூப்பிட்டுக் கற்களைக் காட்டச் சொல்லுங்கள்.

பேங்க் ஆள் வந்து அளந்தாரே, அது போதாதா?

அவர் பேங்க்குக்காக வந்தவர். கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதுதான் அவர் கேள்வி. உங்களுக்கு அறிக்கைகூடத் தர மாட்டார்கள்.

இன்சூரன்ஸுக்கு எந்தப் பரப்பைச் சொல்வது?

திரும்பக் கட்ட வேண்டியது எதுவோ அதெல்லாம்: வெளிமுகக் கணக்கில் வீடு, கராஜ், அவுட்பில்டிங், மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர். இங்கே குறைத்துச் சொன்னால் அடி விழும். கட்ட 20 லட்சம் ராண்ட் ஆகும் வீட்டை 15 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கும் 3 லட்சம்தான் வரும். 'ஆவரேஜ்' என்று பாலிசியில் இருப்பது இதுதான்.

இப்போது நான் விற்கப் போகிறேன். என்ன எண் போடட்டும்?

பாஸ் ஆன பிளானில் உள்ளதைப் போடுங்கள், கராஜையும் அவுட்பில்டிங்கையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் சட்டப்படி ஏஜென்ட் உங்களிடம் டிஸ்க்ளோஷர் ஃபாரம் வாங்கியாக வேண்டும். இழுத்துக் கட்டியதற்கெல்லாம் அனுமதி இருக்கிறதா என்று அதில் கேட்டிருக்கும். இல்லாததை இல்லை என்றே எழுதுங்கள். அப்படி எழுதிக் கொடுத்தால், நீங்கள் மறைத்தீர்கள் என்று வாங்கியவர் பின்னால் சொல்ல இடம் இருக்காது. விலையில் கொஞ்சம் குறையும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கேளுங்கள்.